மூன்று தண்ணீரில் கழுவிய மீன்

ஒன்பதாம் நாளும் சுறா சாப்பிடவில்லை.

சுறாக்களைப் பார்க்கிற ஊர்ஸ் வாளியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். காலையில் நான் வெட்டிக் கொடுத்த ஆறு துண்டு மீனும் ஆறாகவே கிடந்தன.

"பவளம், இண்டைக்கும் திரும்பிக்கூடப் பார்க்கேல்லை," என்றார்.

அவர் சொன்னது டொச்சில், ஜெர்மன் பாசையில். நான் எனக்கு வாய்த்தபடி சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் என் பேச்சைத் திருத்தி, சட்டை போட்டு, தலை வாரித்தான் கடதாசியில் இறக்குவாள். பரவாயில்லை. கதை என்னுடையதுதான்.

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். சுவிசில், வின்டர்தூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு மீன் காட்சிச்சாலை. பெயர் வேண்டாம். அங்கே தீன் குசினியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மனிதருக்கு அல்ல, மீனுக்குச் சமையல். சமையலும் இல்லை, வெட்டுகிற வேலைதான். குளிரறையிலிருந்து மக்ரேல், ஹெரிங், கணவாய் எடுத்து, வெட்டி, செவுளுக்குள் வைட்டமின் குளிசை செருகி, வாளியில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். எந்த வாளி எந்தத் தொட்டிக்கு என்று மூடியின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சிவப்பு மூடி சுறாவுக்கு.

முதல் நாள் நான் சொன்ன 'யா'

வேலைக்குச் சேர்ந்த அன்று பொறுப்பாளர் பிரவ் கெல்லர், கெல்லர் அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள், குசினிக் குழாய்க்கு மேலே ஒரு கடதாசி ஒட்டினார். எட்டு வரி இருந்தது. மளமளவென்று வாசித்துவிட்டு, "எல்லாம் விளங்குதோ?" என்றார்.

"யா, யா," என்றேன், ஓம் ஓம் என்று.

பாதிதான் விளங்கியது. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. டொச்சு மட்டுமல்ல, தமிழும்தான். என் பெயரைக் கீறுவேன், அவ்வளவுதான். எங்கேயாவது கடதாசியை நீட்டினால், "ஐயோ, கண்ணாடியை வீட்டில் விட்டிட்டு வந்திட்டன்" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது! இந்த நாட்டில் பத்தொன்பது வருடம் அந்த இல்லாத கண்ணாடியை வைத்தே ஓட்டினேன்.

கடதாசி தெரியாவிட்டால் என்ன, மீன் எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். வெட்டினேன். உப்புப் போட்டு உரசினேன். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர். கடைசித் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிந்து வரும்வரை கழுவினேன்.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் இருந்த மாடிக்குக் கீழ்வீட்டுக்காரி, நான் மீன் சமைத்தால் படிக்கட்டெல்லாம் மணக்கிறது என்று வீட்டுப் பராமரிப்பாளருக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டாள். என் மனுசன் வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து வீட்டில் மீன் வெடுக்கு என்றால் எனக்குப் பயம். யன்னலை மூடித் திறந்து, உப்பு, மஞ்சள், எலுமிச்சை என்று மீனை ஒரு வழி பண்ணிவிடுவேன். சுறாவுக்கு மஞ்சள் போடவில்லை என்பதே பெரிய விஷயம்.

இரண்டு கிழமை போக பிரவ் கெல்லர் குசினிக்குள் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். குசினிக் கதவு பார்வையாளர் நடக்கிற வழிக்குத் திறக்கும்.

"நீ வந்த பிறகு ஒரு மணமும் இல்லை. மெத்தச் சந்தோசம்," என்றார்.

அதற்குப் பிறகு சில நாள் நான் நான்காவது தண்ணீரும் வைத்தேன்.

வெள்ளைச் சுறா எங்கே?

வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. படங்களில் பார்த்த அந்தப் பெரிய வெள்ளைச் சுறா எங்கே? எங்களிடம் இருந்தவை சின்னச் சாதி, செட்டை நுனியில் கறுப்பு மை தொட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும்.

ஒன்பது மணித் தேத்தண்ணி நேரத்தில் ஊர்ஸிடம் நானும் அதையே கேட்டேன். அவர் இருபது வருடமாகச் சுறா பார்க்கிறவர். கைத்தொலைபேசியில் படம் காட்டினார்.

"இதை ஒருத்தராலையும் கனகாலம் வைச்சிருக்க ஏலாது, பவளம். கடற்கரையிலை இருக்கிற பெரிய பெரிய இடங்களே முயற்சி செய்து பார்த்தவை. அது நிக்காமல் நீந்திற சாதி. கண்ணாடிச் சுவர் எண்டு ஒண்டு இருக்கிறது அதுக்கு விளங்காது. மூக்கை மூக்கைக் கொண்டுபோய் இடிக்கும். அதைவிட, சாப்பிடாது. கனக்க அதுகள் சாப்பிடாமலே செத்தது. சிலதைத் திரும்பக் கடலிலை விட்டவை."

"பசிச்சால் தின்னாதோ?"

"பயந்த சுறாவுக்குப் பசி தெரியாது."

அது எனக்கு விளங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்து முகாமில் இருந்த முதல் கிழமை, உருகின சீஸ் மணத்துக்குப் பயந்து வெறும் பாணும் தண்ணீரும்தான். பசி இருந்தது, வாய் திறக்கவில்லை.

இதெல்லாம் கதையாகக் கேட்டேன். பிறகுதான் வந்தாள், எங்கள் புதுச் சுறா. வேறொரு காட்சிச்சாலையிலிருந்து லொறியில், வட்டத் தொட்டிக்குள். என் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. வியாதி ஏதும் இருக்குமோ என்று முதலில் தனியாகப் பின்தொட்டியில் விட்டார்கள். பழைய சுறாக்கள், ஊர்ஸ் தடியால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினாலே ஓடி வரும். என்ன கொடுத்தாலும் விழுங்கும். இவளுக்கு அந்தத் தட்டு என்னவென்றே தெரியாது. சுவரோரமாகச் சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஊர்ஸ் தண்ணீரைச் சோதித்தார். சூடு பார்த்தார், உப்புப் பார்த்தார், வெளிச்சத்தைக் குறைத்தார். எல்லாவற்றையும் பார்த்த மனிதர் வாளியை மட்டும் சந்தேகப்படவில்லை. மீனோடு கிடந்து கிடந்து அவருடைய மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் அவர் சொன்னார்: "நாளைக்கு எட்டு மணிக்கு மிருக வைத்தியர் வாறா. வலை போட்டுப் பிடிச்சு, மயக்கி, குழாயாலை வயித்துக்குள்ள தீன் விடவேணும். முந்தி ஒண்டு பிடிக்கேக்கையே என்ரை கையிலை செத்துப்போச்சு." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

கையுறையிலிருந்து விழுந்த சொட்டு

அன்று பின்னேரம் கடைசியாக ஒருமுறை தீன் காட்டிப் பார்க்க, வாளியோடு மேலே வரச்சொல்லி என்னை அவசரமாகக் கூப்பிட்டார். நான் அப்போதுதான் மறுநாளைக்கு ஒரு பெட்டி மக்ரேல் உடைத்துக்கொண்டிருந்தேன். கழுவி வைத்த மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே இரும்புப் படியேறி ஓடினேன். வாளியை நீட்டும்போது என் கையுறையிலிருந்து இரத்தத் தண்ணீர் இரண்டு சொட்டுத் தொட்டிக்குள் விழுந்தது.

சுறா திரும்பினாள்.

ஒன்பது நாளாகச் சுவரையே பார்த்தவள், சுவரை விட்டு நேரே என் பக்கம் வந்தாள். நான் நின்ற இடத்துக்குக் கீழே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். ஊர்ஸ் தடியில் மீன் குத்துவதற்காகக் குனிந்திருந்தார், பார்க்கவில்லை. அவர் மீனை இறக்கினார். என் மூன்று தண்ணீர் மீன். வெள்ளைச் சீலை போலச் சுத்தம். அவள் அதை உரசிக்கொண்டு போனாள். அது மீன் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

என் கழுவல்தான் காரணம் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கீழே இறங்கி, குழாய்க்கு மேலே இருந்த கடதாசியைப் பார்த்தேன். எட்டு வரி. அதில் எந்த வரி, என்ன சொல்கிறது?

பம்ப் அறையில் வேலை செய்த குணமண்ணைதான் எனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணை, அந்தக் கடதாசியிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"ஏன், உமக்குத் தெரியாதோ? ஐஞ்சாவது வரி, மீனைத் தண்ணியிலை கழுவக்கூடாது, ஊறவும் விடக்கூடாது எண்டு. கீழை கோடும் போட்டுக் கிடக்கு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"விசர் வேலை பார்க்காதையும், தங்கச்சி. ஒருத்தருக்கும் சொல்லாதையும். நாளையிலையிருந்து பேசாமல் கழுவாமல் குடும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்குத் தீன் பத்து மணிக்கு அண்ணை. வலை எட்டு மணிக்கு."

"அது அவையின்ரை பாடு. வாசிக்கத் தெரியாது எண்டு சொன்னீரெண்டால் நாளைக்கே வீட்டை அனுப்பிப்போடுவினம். அதுக்குப் பிறகு என்னட்டை வந்து அழாதையும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேலை இருந்தால்தான் எங்கள் வதிவிட அட்டை நிற்கும். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. சுறாவுக்குத் துணையாக நானும் பட்டினி.

எட்டு மணிக்கு முன்

முதல் பஸ்ஸில் போனேன். பின்தொட்டியடியில் வலை விரித்திருந்தது. வைத்தியர் அம்மா முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். ஊர்ஸ் நின்றார், பிரவ் கெல்லர் நின்றார். எனக்கு ஒழுங்கான டொச்சு வரவில்லை.

"நான் மீன் கழுவி. உப்புப் போட்டு. மூன்று தரம், நாலு தரம். ஒவ்வொரு நாளும்."

பிரவ் கெல்லர்தான் கேட்டார்: "கடதாசி ஒட்டியிருக்கே. வாசிக்கேல்லையோ?"

பழக்கத்தில் 'கண்ணாடி' என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வாசிக்கத் தெரியாது. எந்தப் பாசையும் தெரியாது."

"முதல் நாளே ஏன் சொல்லேல்லை?"

"வேலை தரமாட்டியள் எண்டு."

ஊர்ஸ் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அரை மணித்தியாலம். அதுக்கு மேலை என்னாலை நிக்க ஏலாது," என்றார்.

நான் குசினிக்கு ஓடினேன். மக்ரேலை எடுத்து, குடலோடு, இரத்தத்தோடு, சாறு வடிய வடிய வெட்டினேன். கழுவாத மீனைக் கொடுக்க அப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது!

ஊர்ஸ் இறக்கினார். அவள் முதல் சுற்றில் வரவில்லை. இரண்டாவது சுற்றில் சுவரை விட்டாள். கிட்ட வந்து, திரும்பிப் போய்விட்டாள். வைத்தியர் வலையின் ஒரு முனையைக் கையில் எடுத்தார். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாததையும் கூப்பிட்டேன். பிறகு தடி வெடுக்கென்று இழுபட்டது. ஊர்ஸ் அதைத் தூக்கினார். நுனியில் மீன் இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்ன ஒரே சொல்: "இன்னும்!"

ஐந்து துண்டு தின்றாள். வைத்தியர் சட்டைக் கையை இறக்கிவிட்டார். ஊர்ஸ் மூக்கைச் சிந்துகிற மாதிரிக் கண்ணைத் துடைத்தார். நான் மறைக்கவில்லை, வாய் விட்டு அழுதேன், பிறகு சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது.

பிரவ் கெல்லர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போய்விட்டது வேலை என்றுதான் நடந்தேன்.

"கண்ணாடிப் பொய் இனி வேண்டாம்," என்றார். "நானும் இனி விளங்குதோ எண்டு கேட்கமாட்டன்."

அப்படியே செய்தார். அன்றிலிருந்து அங்கே புதுக் கடதாசி ஒட்டினால், ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு மட்டுமல்ல, யூனிவர்சிட்டியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கும் அதே சட்டம். அவர்களும் பிழை விட்டார்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம்!

பிள்ளைகள், விளங்காததுக்கு 'யா' சொல்லாதேங்கோ. நான் படித்தது அது ஒன்றுதான். அந்த ஒரு 'யா'வுக்காக ஓர் உயிர் ஒன்பது நாள் பட்டினி கிடந்தது.

அடுத்த கிழமை பார்வையாளர் வழியில் ஒரு சின்னப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, இங்கை நாறுது!" என்று கத்தினாள். பிரவ் கெல்லர் என் குசினிக் கதவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார். நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.