பாவு நீட்ட ஒரு காடு

ஏரிக்குப் போகும் வழியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த புறம்போக்கு நிலத்தில் மரம் வளர்க்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர். கணக்கு டீச்சர் என்பதால், எங்கே எந்தக் கன்று என்று படம் வரையும் வேலை என் தலையில் விழுந்தது. இடைவெளியே இல்லாத அடர்ந்த காடாக வரைந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

களம்பூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர் ஒருவர் வேலிச் செலவை ஏற்றுக்கொண்டார். கன்று வாங்கப் பணம் கேட்டுத் தெருத்தெருவாகப் போனோம். நெசவாளர் தெருவில் எல்லோரும் காபி கொடுத்தார்கள்; பணம் யாரும் கொடுக்கவில்லை. கடைசி வீட்டில் தறியிலிருந்து எழுந்து வந்த அம்மா என் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல எங்களுக்கு இன்னா டீச்சர்?"

"நிழல் கிடைக்கும்மா. நல்ல காத்து வரும்."

"அப்போ அந்த நிழல்ல எங்களுக்கு எடம் உடுங்க. தெருவுல பாவு நீட்டினா பைக்காரன் ஹாரன் அடிச்சிகினே நிக்கிறான். ஒரே பேஜாரு. நடுவுல நேரா ஒரு பாதை உட்டீங்கன்னா தெருவே காசு போடும்."

சேலையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுமுன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீராக்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பாதை விட்டால் எத்தனை மரம் போய்விடும்! ஆனாலும் மறுநாள் காலை அந்தத் தெருவில் போய் நின்றேன். ஒரு பாவு முடிவதற்குள் நான்கு முறை வண்டிகளுக்காகத் தூக்கிப் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்தேன்.

நடவு நாளில் தெருவே திரண்டு வந்தது. வேம்பு, புங்கன், நாவல், பூவரசு. அந்த அம்மா கயிறு பிடித்து, "நேரா நடுங்க, கோணிக்கினு போவுது பாருங்க!" என்று எல்லோரையும் விரட்டினார். கோடையில் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் அந்தத் தெருக்காரர்கள்தான்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில், அரக்குச் சிவப்பில் ஒரு பாவு முதன்முதலாக மரங்களுக்கு நடுவே நீண்டது. தவிட்டுக்குருவிகள் கிளைகளில் கத்தித் தீர்த்தன. வேடிக்கை பார்க்கப் போன என் கையில் பாவின் ஒரு முனையைக் கட்டிய கோலைத் திணித்துவிட்டார்கள்.

"இறுக்கிப் புடிங்க டீச்சர், ஜல்தி!"

மறுமுனையில் இழுத்த இழுப்பில் இரண்டடி முன்னால் ஓடி நின்றேன். பாதை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், கோலை மட்டும் விடவில்லை.