வலைக்குச் சாயாத புல்

தொண்ணூறுகளின் கடைசியில், வடக்கே மயூர் விஹாரில் எங்கள் தமிழர் குடியிருப்பின் பொங்கல் விழாவில் கடலைப் பற்றி ஒரு நாடகம். என் மகள் மீராவுக்கு வசனமே இல்லாத கடற்புல் வேஷம். பச்சை ரிப்பன்களைக் கட்டிக்கொண்டு அசைய வேண்டும். இந்தி கலந்த அவளுடைய தமிழ் அப்படி.

நாடகம் எழுதிய ராமநாதபுரத்து சாந்தி அக்காவிடம் சண்டைக்கே போனேன். “கடல்பசு வேஷமாவது தரக்கூடாதா?”

“கடல்பசுவுக்குச் சாப்பாடே அந்தப் புல்லுதான். மீன்குஞ்சுக்கு வீடும் அதுதான். வந்து பாரேன்.”

மேடையில் விசைப்படகுக்காரன் வலையை இழுத்து வந்தான். புல்லெல்லாம் சாய வேண்டும். பிறகு ஊர் கூடி, இனி அங்கே வலை இழுப்பதில்லை என்று முடிவெடுக்கும். மற்றக் குழந்தைகள் சாய்ந்தார்கள். மீரா சாயவில்லை. அவள் காலடியில், மீன்குஞ்சு வேஷம் போட்ட பக்கத்து வீட்டுக் குழந்தை நிஜமாகவே தூங்கிப்போயிருந்தது.

மீரா வலையைப் பிடித்துக்கொண்டாள். “பையா, இங்க வலை போடாதீங்க. பச்சா தூங்குது.” அண்ணாவும் பாப்பாவும் அவளுக்கு இந்தியில்தான் வந்தன.

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. விசைப்படகுக்காரன் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஊர்க்கூட்டத்துக்கு வேலையே இல்லை.

பொங்கல் வாங்கும் வரிசையில், தாமதமாக வந்த ஒரு மாமி கேட்டார்: “உம் பொண்ணுக்கு என்ன வேஷம்?”

“புல்லு, மாமி” என்றேன், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.