பழைய படகுக்குப் பெரிய மோட்டார்

எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் கீழே போனால் யாரும் பயிரைக் குறைப்பதில்லை, மோட்டாரைப் பெரிதாக்குவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் வெறும் சேற்றை இறைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தோட்டத்தைப் போட்டுவிட்டுச் சோமனூர்த் தறிக்குடோனில் கூலிக்குத் தறி ஓட்டப் போய் ஒண்டினோம். பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் இறங்கியது. இருமி இருமி எலும்பாய்ப் போனார். இன்னும் அங்கேயே நின்றால் ஆள் தேற மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் சிறுமுகைக்குப் பக்கத்தில் அணைத் தண்ணீரில் மீன் பிடிக்க வந்தோம். பங்காளிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இருமல் நின்றதே! படகு அரதப் பழசு, மரத்தால் ஆனது. பின்பலகையில் மாட்டியிருந்த சின்ன மோட்டாருக்கும் அதே வயசு. ஒருநாள் அது நடுத்தண்ணீரில் நின்றே போனது. அதற்குச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை.

எருமையை விற்று வேறு மோட்டார் தேடினோம். மேட்டுப்பாளையத்து மெக்கானிக், "பலகை பழசுங்க. அதே எச்.பி.யே போதுமுங்க" என்றார். இவர் கேட்டால்தானே!

"இருக்கறதே பத்தலைங்க. டபுளாப் போட்டா மீன் கெடக்கற மேல்கோடி வரைக்கும் போயிட்டு வந்துரலாமுங்க."

"ஏனுங்க, படகு தாங்குமா?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு அம்மணி. கெணத்துல எத்தனை மோட்டாரு எறக்கி ஏத்துனவன் நானு."

"அதைத்தான் நானும் சொல்றனுங்க" என்றேன். வாய் விஷயத்தில் நான் யாருக்கும் பாக்கி வைப்பதில்லை.

டபுள் எச்.பி.யையே வாங்கி, லேத்துப் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டி, அவரே பம்புசெட்டை மேடையில் இறுக்குவது போலப் பின்பலகையில் போல்ட்டுப் போட்டு இறுக்கினார். ஓட்டை போடும்போது ட்ரில்லு வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கியது. "பலகை இத்துப்போச்சுங்க" என்றேன். "தகடு புடிச்சுக்கும்" என்றார். மோட்டார் கழன்றாலும் தண்ணீருக்குள் போய்விடாமல் இருக்கச் சங்கிலி வேறு கட்டினார். அந்தச் சங்கிலியையும் அதே தகட்டில்தான் கட்டினார்.

சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்துத் தண்ணீரில் விட்டோம். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கரையில் நின்ற எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். திரும்பி வரும்போது முழுசாக முறுக்கிவிட்டார். மடாரென்று ஒரு சத்தம். மோட்டார், தகடு, சங்கிலி, பலகை எல்லாம் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டன. பின்பக்கம் திறந்துகொண்ட படகும் தண்ணீர் ஏறி மூழ்கியது. பரிசல்காரர்கள் இவரை மட்டும் இழுத்து வந்து கரையில் போட்டார்கள்.

ஈர வேட்டியோடு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். நான் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன்.

"திட்டு அம்மணி. ரெண்டு வார்த்தை திட்டிப்போடு" என்றார்.

"துணிமணியெல்லாம் கட்டட்டுமுங்களா? நாளைக்குச் சோமனூரு தறிக்கே போயிரலாமுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.