மின்னலுக்கு முந்திக்கொண்ட என் கை

கிள்ளானில் மாலை மழைக்கு முன்னால் இடி வரும். எங்கள் வீட்டில் இடி வந்த மறுநொடி நான் வருவேன். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க யாருக்குப் பொறுமை? நேராக மெயின் சுவிட்ச்... டக்! இரண்டு மோடம், ஒரு டிவி என்று மின்னலுக்குப் பறிகொடுத்தவன் நான்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். என் மனைவி மல்லிகா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளி நாடகத்தைக் கேமராவில் பிடித்திருந்தாள். அதை மெமரி கார்டிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றுவது என் பொறுப்பு. காப்பி எடுத்திருக்கலாம். நான்தான் புத்திசாலியாயிற்றே — 'கட்' பண்ணி ஒட்டினேன். கார்டும் காலியாகும் இல்லையா? கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்தது. இடி இடித்தது. டக்!

மழை விட்டதும் பார்த்தால், பென்டிரைவில் வீடியோ திறக்கவில்லை. கார்டில் ஒன்றுமே இல்லை.

மல்லிகா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தர்ஷினியோட அம்மாகிட்ட என்னங்க சொல்வேன்?" என்றாள்.

தர்ஷினி திக்கித் திக்கிப் பேசும் பிள்ளை. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும்தான் தூக்குவாள். அந்த நாடகத்தில் தனியாக நின்று, ஒரு சொல் விடாமல் பேசி முடித்தாள். அம்மாவுக்கு ஷா ஆலம் ஃபேக்டரியில் ஷிப்ட், வர முடியவில்லை. திங்கட்கிழமை வீடியோ காட்டுவதாக மல்லிகா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கவிதா, கார்டை வாங்கியதும் கேட்டாள்: "இதுல புதுசா ஏதும் எடுத்தீங்களா, அங்கிள்?"

"இல்லம்மா."

"அப்போ தப்பிச்சீங்க லா. அழிஞ்சதா காட்டும். மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும் உள்ளேதான் இருக்கும்."

"கோடு முடிஞ்ச பிறகுதானேம்மா ஆஃப் பண்ணேன்?"

"கம்ப்யூட்டர் முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு, பின்னால இன்னும் எழுதிட்டிருக்கும் அங்கிள். 'எஜெக்ட்' குடுத்து, பென்டிரைவை எடுக்கலாம்னு அது சொன்னாத்தான் முடிஞ்சது. ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வைங்க. கரண்டு போனாலும் அதுல இருக்கிற பேட்டரி அஞ்சு நிமிஷம் தாங்கும். எழுதி முடிக்க அது போதும்."

அரை வேலையை ஆச்சு ஆச்சு என்று சொல்வது நாம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!

ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் தர்ஷினி வந்தாள். நின்றபடியே கடைசிவரை பார்த்தேன். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

திங்கட்கிழமை, ஃபேக்டரி யூனிஃபார்மோடு வந்த அம்மா, "இன்னொரு தடவ போடுங்க டீச்சர்" என்று மூன்று முறை கேட்டாராம். நாலாவது முறை தர்ஷினியே சொன்னாளாம்: "வீட்ல நா... நானே பேசிக் காட்றேன்மா."

யூபிஎஸ் வாங்கிவிட்டேன். மெயின் சுவிட்சுக்கு மேலே மல்லிகா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'முதலில் என்னைக் கேட்கவும்.'