ஒரே ஒரு அழுத்தம்

இது நடந்தது. எங்கேயோ யாருக்கோ என்று தட்டிக்கழிக்க முடியாது. திகாம் பத்து ஊரின் சமூக மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், இருநூறு பேர் பார்க்க நடந்தது. பேய் என்றால் இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்கிறவர்கள் வேறு கதை தேடிக்கொள்ளலாம். இதில் வருவது ஒரு கை. அவ்வளவுதான்.

புவனேஸ்வரன் மல்யுத்த வீரன். வாரத்தில் ஆறு நாள் சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை வேலை, ஞாயிறானால் மேடையில் ‘கருந்தேள்’. வில்லன் வேஷம். செர்டாங்கில் ஒரு அம்மா செருப்பையே கழற்றி அவன்மேல் வீசியிருக்கிறார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். நல்லவன் வேஷம் அவனுடைய உயிர்ச் சிநேகிதன் பரஞ்சோதிக்கு. வெள்ளை முகமூடி போட்டு ‘வெள்ளைப்புலி’யாக வருவான். பீடோங் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள். பதினோரு வருஷம் ஊர் ஊராகப் போய் ஒருவரை ஒருவர் புரட்டி எடுத்தார்கள்.

யார் ஜெயிப்பது என்பதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம், எலும்பு நிஜம். அதனால் இருவருக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தலைக்கு மேல் தூக்கி அறைவதற்கு முன், தூக்குகிறவன் மற்றவன் உள்ளங்கையை ஒரு தரம் அழுத்துவான். ‘நல்லா இருக்கியா?’ என்று அர்த்தம். பதிலுக்கு இரண்டு அழுத்தம் வந்தால், ‘இருக்கேன், தூக்கு.’ ஒன்றோடு நின்றால், ‘முடியல, நிறுத்து.’ பரஞ்சோதியின் மனைவி யோகேஸ்வரியைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது. நடுவர் ரவிச்சந்திரனுக்குக்கூடத் தெரியாது.

போன வருஷம் பீடோங்கில் நடந்த போட்டியில் பரஞ்சோதி கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தான். எழுந்து வந்தபோது கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். புவனேஸ்வரன் அவன் கையை அழுத்திக் கேட்டான். ஒரு அழுத்தம் வந்தது. கூட்டம் கத்துகிறது, வியர்வையில் கை வழுக்குகிறது. இரண்டாவது இதோ வந்துவிடும் என்று நினைத்துத் தூக்கி அறைந்துவிட்டான்.

இரண்டாவது வரவே இல்லை. பரஞ்சோதி அசையாமல் கிடந்தான். அதையும் நடிப்பு என்று நினைத்து ஜனம் கைதட்டியது.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் எதிரி என்றால் வெளியிலும் எதிரி. இருவரும் ஒன்றாக ஒரு தே தாரேக் டீ குடிப்பதைக்கூட ஜனம் பார்க்கக் கூடாது. சாவு வீட்டில் ரசிகர் கூட்டம் இருக்கும், வில்லன் அங்கே வரக் கூடாது என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பாவி மனுஷன், அதையும் கேட்டுக்கொண்டான். ரோட்டுக்கு இந்தப் பக்கம், செம்பனை மரத்துக்குப் பின்னால் நின்றபடி, பெட்டி போவதை மட்டும் பார்த்தான். சிநேகிதன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் யோகேஸ்வரி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கடைசியா எத்தனை தரம் அழுத்துனாரு அண்ணே?”

“ரெண்டு தரம், தங்கச்சி.”

சொல்லிவிட்டான். அப்படியென்றால் அவருக்கு வலித்திருக்காது என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மேடை ஏறவும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, திகாம் பத்துவில் நினைவுப் போட்டி வைத்தார்கள். கருந்தேள் வராமல் எப்படி என்று வற்புறுத்தி இழுத்து வந்தார்கள். குரூணிலிருந்து சிவநேசன் வருவான், பரஞ்சோதியின் உயரம், அதே உடல்வாகு, அவன்தான் வெள்ளைப்புலி. அவனுக்காக யோகேஸ்வரியே உட்கார்ந்து புது முகமூடி தைத்துக் கொடுத்தாள். ஆனால் போட்டிக்கு வரவில்லை. பார்க்கத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டாள்.

மணி 3:10. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. சிவநேசனைக் காணோம், போனும் போகவில்லை.

மணி 3:22. யாரோ வெள்ளைப்புலியின் பாட்டைப் போட்டுவிட்டார்கள். பின்கதவு திறந்தது. வெள்ளை முகமூடி போட்டவன் நேராக மேடைக்கு நடந்து வந்தான். அப்பாடா, வந்துவிட்டான் என்று புவனேஸ்வரன் மூச்சு விட்டான்.

பிறகுதான் கவனித்தான். வெளியே அப்படிக் கொட்டுகிறது... வந்தவன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மணி அடித்தது. கைகோத்தார்கள். கோடாலித் தைலத்தின் வாடை வந்தது. பரஞ்சோதி மேடை ஏறுமுன் கழுத்தில் தேய்க்கிற தைலம். சிவநேசனும் தேய்த்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மணி 3:31. புவனேஸ்வரன் வந்தவன் தலையைக் கக்கத்தில் இறுக்கினான். அப்படிப் பிடித்தால் எதிராளியின் மூச்சு விலாவில் இடிக்கும். பதினோரு வருஷப் பழக்கம்.

இடிக்கவில்லை.

குனிந்து பார்த்தான். முகமூடியின் இடது காதோரம் ஒரு கிழிசல். சிவப்பு நூலில் தைத்திருந்தது...

பரஞ்சோதியின் பழைய முகமூடி.

தூக்க வேண்டிய நேரம். கூட்டம் கத்தியது. அவன் கை தானாகப் போய் அந்தக் கையைப் பிடித்தது.

சில்லென்று இருந்தது.

அழுத்தினான்.

ஒரு அழுத்தம் வந்தது.

காத்திருந்தான். மழை... கூட்டம்... மழை...

இரண்டாவது வரவில்லை.

இந்த முறை அவன் தூக்கவில்லை. பிடியை விட்டான். மேடையில் மல்லாந்து படுத்துவிட்டான். என்ன ஆச்சு என்று ரவிச்சந்திரன் குனிந்து கேட்டது காதில் விழவில்லை.

வெள்ளை முகமூடி அவன் மேல் சாய்ந்தது. பாரம் இல்லை. ஒன்று... ரவிச்சந்திரன் தரையில் தட்டித் தோல்வியை எண்ணத் தொடங்கினான்.

இரண்டு...

அந்தக் கை இவன் உள்ளங்கையைத் தேடிப் பிடித்தது.

ஒரு தரம் அழுத்தியது.

மூன்று.

மணி 3:38. கூட்டம் எழுந்து கைதட்டியது. முகமூடிக்காரன் வந்த வழியே பின்கதவைத் தாண்டி மழைக்குள் போனான். புவனேஸ்வரன் எழுந்திருக்கவில்லை. அவன் அழுவதைப் பார்த்து, கருந்தேள் எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

மணி 4:05. பின்கதவு மறுபடியும் திறந்தது. தொப்பலாக நனைந்து சிவநேசன் நின்றான். “சாரிண்ணே, குரூண் தாண்டுனதும் மோட்டர் நின்னுப்போச்சு லா. போன்ல பேட்டரியும் கொசோங், சுத்தமா காலி,” என்றான். பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். புது முகமூடி. மடிப்புக் கலையவில்லை. காதோரம் கிழிசலும் இல்லை, சிவப்பு நூலும் இல்லை.

அப்படியானால் சண்டை போட்டது யார் என்று ரவிச்சந்திரன் கேட்டான்.

புவனேஸ்வரன் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் மோட்டர் சைக்கிளை எடுத்தான். 5:15-க்குப் பீடோங்கில் யோகேஸ்வரி வீட்டு வாசலில் நின்றான். கருந்தேள் கோலத்தில் அவன் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. அன்னைக்கு ஒரு தரம்தான் அழுத்துனான்.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ... அவருக்கு வலிச்சிருக்கு.”

“ஆமா.”

“ரெண்டு தரம்னு நீங்க சொன்னதை வச்சுத்தாண்ணே ஒரு வருஷமா நான் படுத்துத் தூங்குனேன்.”

அவள் அழுதாள். ஒரு வருஷத்துக்குச் சேர்த்து அழுதாள். அவன் படியிலேயே உட்கார்ந்து, மண்டபத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மழையில் நனையாமல் வந்ததை, மூச்சு இல்லாததை, கடைசியில் அந்தக் கை தன்னைக் கேட்டதை.

“நல்லா இருக்கியான்னு என்னைக் கேட்டான் தங்கச்சி. நான் கொன்னவன். என்னைப் போய்க் கேக்குறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. ரெண்டு தரம் அழுத்தினா அதுவும் பொய். கைய விட்டுட்டுப் போயிட்டான்.”

யோகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த முகமூடியில் எந்தப் பக்கம் தைத்திருந்தது என்று கேட்டாள். இடது காதோரம், சிவப்பு நூல் என்றான்.

அன்றைக்கு வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது என்றாள். அவள் தைத்ததுதான்.

“அது இப்ப எங்க இருக்கு தங்கச்சி?”

“உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கதான் கிட்ட வரலையே,” என்றாள் யோகேஸ்வரி. “பெட்டிய மூடுறதுக்கு முன்ன நான்தான் அதை அவர் முகத்துல மாட்டி விட்டேன். அவரோட சேர்ந்து எரிஞ்சு போச்சுண்ணே.”