புழுக்கள் உறங்கிய பகல்

ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை இருக்கிறது. அதற்குள் யாரும் யாரையும் திட்டக் கூடாது. திட்டினால் புழுக்கள் நோவு கண்டுவிடும் என்பது என் கணவர் வீட்டு நம்பிக்கை. எந்தச் சண்டையையும் வாசலிலேயே முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

அந்தத் தடவை சண்டை முடியவில்லை. நான் ஓர் இணைய அகராதிக்காக ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மொழிபெயர்ப்பவள். புழுக்களுக்கு மல்பெரி இலை பறிக்க நான் வர நேரமாகிவிட்டதென்று, என் கணவர், "எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி நெளிஞ்சிகினு, நீயெல்லாம் ஒரு புழு" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் பேச்சில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அழுகை வந்தது அவமானத்தில்.

நாலாம் நாள் மொழிபெயர்க்க எனக்கு வந்த சொல்லே புழுதான். நேரம் பார்த்து வருகிறது, சனியன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். புழுக்கள் கடைசியாகத் தோல் உரிக்கும் முன் வரும் தூக்கத்தில் இருந்தன. தலையைச் சற்றே தூக்கியபடி, ஆயிரக்கணக்கில், அசையாமல். அன்று இலை போடக் கூடாது. மழை பெய்வதுபோல் மென்றுகொண்டே இருக்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வலை வழியே வந்த வெயில்கூடத் தூங்கி வழிந்தது. பக்கத்து வீட்டுத் தறி எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. நானும் பாதிக் கனவில்தான் எழுதினேன்.

ஸ்பானிஷில் புழுவுக்கு குசானோ. அதையே குட்டிப்புழு என்று சொன்னால், மனதுக்குள் ஊரும் ஆசை. ஒரு வாய் தின்று பசியை அடக்குவதைக் குட்டிப்புழுவைக் கொல்வது என்பார்கள். ஒருவரிடம் நைசாக ரகசியம் கறப்பதற்கு ஆங்கிலத்தில் புழு வரும். ஸ்பானிஷுக்குப் போனால் புழு காணாமல் போய்விடும். கேவலமான ஆள் என்ற அர்த்தம் மட்டும் இரண்டிலும் அப்படியே இருந்தது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். கை தானாக அவருடைய வாக்கியத்தை எழுதியது.

அப்போது அவர் உள்ளே வந்தார். கையில் இலை இல்லை. அன்று அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதாங்க. இங்க வாய்விட்டுப் படிக்கக் கூடாது," என்றேன்.

புழுக்கள் பக்கம் திரும்பினார்.

"வெளியவும் சொல்லியிருக்கக் கூடாது," என்றார், அவற்றை எழுப்பிவிடாத குரலில்.

அகராதிக்கு அந்த அர்த்தம் தேவை, அழிக்க முடியாது. 'நீ' என்றிருந்ததை யாரோ எவனோ ஒருவனாக மாற்றி அனுப்பினேன். அவர் எழுந்து போகவில்லை.