எட்டுக் கட்டமும் மாமாவின் கையும்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ரிதம் பேட் என்கிற ஒரு மின்சாரத் தாளப் பலகை வந்து சேர்ந்தது. சென்னையில் யாரோ தட்டித் தீர்த்ததைக் குழுத் தலைவர் வாங்கி வந்திருந்தார். நான் கீபோர்டு வாசிப்பவன். பகலில் அரியலூரில் சிமென்ட் ஆலை வேலை. அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டியாவது படிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று அந்தப் பலகையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பலகையில் மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு ரப்பர் கட்டங்கள். தட்டினால் 'சொத்' என்று கேட்கும், அவ்வளவுதான். ஓசையெல்லாம் தனியாக ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு ஓசைக்கும் ஓர் எண். எந்தக் கட்டத்தைத் தட்டினால் எந்த எண் பேச வேண்டும் என்று பொத்தானை அமுக்கி அமுக்கி நாம்தான் சொல்லித் தர வேண்டும். ஒன்றை அமுக்க மறந்தால் போச்சு, டோலக் இருக்க வேண்டிய இடத்தில் ஜால்ரா அடிக்கும்.

அதை வாசிக்க வேண்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். குழுவின் டோலக் அவர்தான். அந்த ஆடியில் பாடாலூர் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்தாலும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. டோலக்குக்கு வலது கை விரல்தான் உயிர். மனுஷன் டோலக்கைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். "ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசறாருடா. அதுல ரெண்டு 'சோறு போடு'," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சிறுவாச்சூர்க் கோயில் பக்கம் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தோம். "வேற ஆளு பாக்கட்டுமா?" என்றார் தலைவர். கத்துவதற்கென்றே பிறந்த மனுஷர், அன்றைக்கு மெதுவாகத்தான் கேட்டார். "எங்க மாமாவே வாசிப்பாருண்ணே," என்று நான் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். பலகையைத் தட்ட விரல் மடங்க வேண்டாமே என்ற தைரியம். மாமாவிடம் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகையையும் ஓசைப் பெட்டியையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் போர்வையில் சுற்றி, பெரம்பலூரில் பஸ் மாறி, பாடாலூரில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். "என்னத்துக்கு மாப்ளே இது?" என்றார். "ஊறுகா போட," என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

கனமான ஓசையெல்லாம் இடது கைக்கு, லேசானது வலது கைக்கு. இதுதான் என் திட்டம். எப்போதும் ஒத்திகையில் உட்காருகிற மாதிரியே அவருக்கு எதிரே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். மருந்துக் கடை பிளாஸ்திரியைக் கிழித்து 'தும்', 'தக', 'சல்' என்று அவர் சொல்லும் சொற்களையே எழுதி ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஒட்டினேன். மாமா இடது கையால் ஒரு போடு போட்டார். 'சல்' என்றது. வலது கையை மெல்ல வைத்தார். 'தும்' என்றது.

எதிரே உட்கார்ந்து என் இடது கைப் பக்கத்தை அவருக்கு இடது என்று வைத்திருக்கிறேன்! பிளாஸ்திரி எழுத்தெல்லாம் வேறு அவருக்குத் தலைகீழ். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சோறு ஊட்ட உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தா வேற எப்படிடா வரும்?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மாமாவின் தோளும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒரு வேலை மட்டும் அவரிடம் சொல்லாமல் செய்தேன். வலப்பக்கக் கட்டங்கள் லேசாகப் பட்டாலும் முழுச் சத்தம் வரும்படி திருகி வைத்தேன். ஈ உட்கார்ந்தால்கூட அதிரும்.

சிறுவாச்சூரில் கச்சேரி பிரமாதம். விசில் பறந்தது. தலைவர் மேடையிலேயே மாமாவுக்குத் துண்டு போர்த்தினார். எனக்குக் கால் தரையில் இல்லை. மாமா மட்டும் வேனில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். "மாப்ளே, அன்னிக்கு வாசிச்சது நான் இல்ல," என்றார்.

"பின்ன யாரு, பேயா?"

"கை பொத்துனு வுழுது. சத்தம் டமார்னு வருது. ஜனங்க அதுக்குக் கை தட்டுறாங்க. எனக்கு அங்க ஒக்காரவே கூச்சமா இருந்துச்சுய்யா. குறைச்சு வையி."

"குறைச்சா ஒண்ணுமே கேக்காது மாமா! ஒரு வாரம் மண்டைய ஒடைச்சுக்கிட்டு வச்சிருக்கேன்!" என்று கத்தினேன்.

"எனக்கு எவ்வளவு கை இருக்கோ, அவ்வளவு கேட்டா போதும்."

அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டே திருகியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். மாமா வலது கையால் தட்டினார். பக்கத்து அறைக்குக்கூடப் போகாத ஓசை. இன்னொரு தட்டு. அப்புறம் இன்னொன்று, கொஞ்சம் அழுத்தி. "ம், இது நான்," என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு. வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த கச்சேரி பூலாம்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் தலைவர் என் பக்கம் வந்து, "ரிதம் என்னய்யா, கேக்கவே மாட்டேங்குது?" என்றார். "அவ்வளவுதாண்ணே அவரு கை. அவருதான் அப்படி வைக்கச் சொன்னாரு," என்றேன். மேடையிலிருந்து மாமாவை இப்போதே இறக்கிவிடுவாரோ?

தலைவர் மாமாவையே பார்த்தபடி நின்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை அரை அங்குலம் தூக்கித் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் தலைவர் எங்கள் எல்லோரையும் பார்த்துத் தன் வழக்கமான குரலில் கத்தினார்.

"கிடாரு, கீபோர்டு, எல்லாரும் சத்தத்தக் குறைங்கடா! நம்மாளு வாசிக்கிறாரு, காதுல வுழல?"